ரிப்போர்ட் நார்மல்னா ஆளும் நார்மலா?

நரம்பு டெஸ்ட் எடுக்கறது என் வேலை. பெங்களூருல, ஓசூர் கிருஷ்ணகிரி தர்மபுரி பக்கத்துலேர்ந்தெல்லாம் விடியக்காலைல பஸ் ஏறி வர்ற ஒரு ஆஸ்பத்திரியில. நான் டாக்டர் கிடையாது, டெக்னாலஜிஸ்ட். கை காலுக்கு சின்ன சின்ன ஷாக் குடுத்து நரம்பு எவ்ளோ வேகமா வேலை செய்யுதுன்னு பாக்கறது, தலைல ஒயர் ஒட்டி மூளையோட மின்சாரத்த பதிவு பண்ற இஇஜி எடுக்கறது, தினமும் இதுதான். டாக்டர் ரூம்ல பத்து நிமிஷம் கிடைச்சாலே பெருசு, என் ரூம்ல முக்கா மணி நேரம் படுத்திருப்பாங்க, அதனால கதையெல்லாம் என்கிட்டதான் கொட்டுவாங்க, நான் தமிழ்னு தெரிஞ்சுட்டா இன்னும் கொஞ்சம் கூடவே கொட்டுவாங்க.

சமீபத்துல வந்த ஒரு கேஸ பாத்து மனசு ஆறாமத்தான் எழுதறேன். முப்பது வயசு இருக்கும் அந்த பொண்ணுக்கு, பொம்மனஹள்ளி பக்கம் கார்மெண்ட்ஸ்ல தையல் வேலை (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சிலத மாத்தியிருக்கேன்). கூட வீட்டுக்காரர், மாமியார். துணிக்கடை கட்டைப்பை ஒண்ணு நெறைய ஸ்கேன் ஃபிலிம். மூளைக்கு எடுத்தது, கழுத்துக்கு எடுத்தது, நம்பிக்கை இல்லாம வேற சென்டர்ல போய் திரும்பவும் மூளைக்கே எடுத்தது. எல்லாம் நார்மல். கண் டாக்டர் கண்ணாடி குடுத்துட்டார், தைராய்டு பாத்தாச்சு, கடைசியா ஒருத்தர் டென்ஷன்னு சொல்லி தூக்க மாத்திரை எழுதிட்டார். மாமியார் என்னை ஓரமா கூப்ட்டு சொன்னாங்க, "காலைல நல்லாத்தான் சமைக்கறா மா. சாயங்காலம் ஆனா கண்ணு சொருகுதுங்கறா, சப்பாத்திய மெல்ல முடியலங்கறா, துணி காயப்போட கைய தூக்க முடியலங்கறா. வேலைன்னா மட்டும்தான் வருது இவளுக்கு இந்த வியாதி."

அந்தம்மா குத்தம் சொல்றதா நெனச்சுட்டு டயக்னோசிஸையே சொல்லிட்டாங்க. காலைல நல்லா, சாயங்காலம் மோசம், செய்யச் செய்ய பலம் போகுது, கொஞ்ச நேரம் உக்காந்தா திரும்ப வருது, எந்த நியூராலஜிஸ்ட்ட நடுராத்திரி எழுப்பி கேட்டாலும் மயஸ்தீனியா பாருங்கன்னுதான் சொல்வாங்க. இதுல மூளை நல்லா இருக்கும், நரம்பும் நல்லா இருக்கும், நரம்பு தசையப் போய் தொடற இடத்துலதான் கோளாறு. அத எம்ஆர்ஐல தேடினா எங்கேர்ந்து கிடைக்கும்? போதாக்குறைக்கு நம்ம ஓபிடி (வெளிநோயாளி பிரிவு) எல்லாமே காலைல. எட்டு மணிக்கு டோக்கன் போட்டு பத்து மணிக்கு உள்ள போனா கண்ணு நல்லா தொறந்துதானே இருக்கும்.

எங்க டாக்டர் பெருசா ஒண்ணும் பண்ணல. விரல மேல காட்டி "இதையே பாத்துட்டு இரும்மா, கண்ண எறக்காத"ன்னார். ஒரு நிமிஷம்கூட ஆகல, இடது இமை கொஞ்சம் கொஞ்சமா எறங்கி கருவிழில பாதிய மூடிடுச்சு. அவ முயற்சி பண்ணி நெத்திய சுருக்கி தூக்கறா, வரல. அதுவரைக்கும் மொபைல நோண்டிட்டு இருந்த வீட்டுக்காரர் அப்பதான் அவ மூஞ்சிய பாத்தார். அப்புறம் என் டேபிளுக்கு வந்தா. ஒரு நரம்ப செகண்டுக்கு மூணு தடவ ஷாக்கால தட்டிட்டே இருந்தா சாதாரணமா தசை ஒரே மாதிரி பதில் குடுக்கும், மயஸ்தீனியாக்காரங்களுக்கு தட்டத் தட்ட பதில் சின்னதாகிட்டே போகும், பத்து சதவீதத்துக்கு மேல குறஞ்சா நாங்க உஷாராயிடுவோம், இவளுக்கு முகத்துல எடுத்தப்போ அதத் தாண்டி எங்கயோ போச்சு. இன்னொண்ணும் கேளுங்க, நடுவுல யூரின் இன்ஃபெக்‌ஷன்னு சிப்ரோஃப்ளாக்சசின் சாப்ட்டிருக்கா, அந்த வாரம்தான் தண்ணி முழுங்கக்கூட கஷ்டப்பட்டிருக்கா. அந்த வகை ஆன்டிபயாடிக் மயஸ்தீனியாக்காரங்களுக்கு ஆகவே ஆகாது. வியாதி பேரே தெரியலன்னா யார் யார எச்சரிக்கறது?

இப்ப எனக்கு எரிச்சல் வர்ற விஷயத்துக்கு வரேன். "ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல, அப்போ உனக்கும் ஒண்ணும் இல்ல." இத வீட்ல சொல்றாங்க, ஆபீஸ்ல எச்ஆர் சொல்றாங்க, சில இடத்துல வெள்ளை கோட் போட்டவங்களே சொல்றாங்க.

எம்ஆர்ஐ பிரமாதமான டெஸ்ட், நான் ஒண்ணும் கொறை சொல்லல. கட்டி, பக்கவாதம், எம்எஸ் (மூளை தண்டுவடத்துல நரம்போட உறை கெடற வியாதி), தண்டுவடம் நசுங்கறது, இதுக்கெல்லாம் அதுக்கு நிகர் கிடையாது. ஆனா அது காட்டறது உருவத்த. வீட்ல கரண்ட் வருதா இல்லையான்னு வீட்ட போட்டோ புடிச்சு பாத்தா தெரியுமா? மைக்ரேன் வந்து ரெண்டு நாள் எழுந்திருக்க முடியாம கெடக்கறவங்களுக்கு எம்ஆர்ஐ நார்மல்தான். பார்க்கின்சன் ஆரம்பத்துல சாதாரண எம்ஆர்ஐ நார்மல்தான். வலிப்பு வர்றவங்கள்லயே நெறைய பேருக்கு நார்மல்தான். பாதம் தீயா எரியுதுன்னு சொல்றவங்க மூளைய படம் எடுத்து என்னத்த கண்டுபுடிக்கறது?

என் டெஸ்டையும் விட்டுவைக்க மாட்டேன். இஇஜி நான் எடுக்கறது அரை மணி நேரம். மாசத்துக்கு ஒரு தடவ ஃபிட்ஸ் வர்றவர் அந்த அரை மணி நேரத்துல என் கம்ப்யூட்டருக்கு தரிசனம் குடுக்கணும்னு என்ன கட்டாயம்? வலிப்பு நோய் இருக்கறது நிச்சயமான ஆளுங்கள்லயே சுமார் பாதிப் பேருக்கு முதல் இஇஜில ஒண்ணும் தெரியாது. அதனாலதான் ராத்திரி தூங்காம வாங்கன்னு சொல்றோம், அதுக்கும் மேல வீடியோ இஇஜின்னு நாள் கணக்குல படுக்க வெச்சு எடுக்கறாங்க. நெர்வ் கண்டக்‌ஷன் டெஸ்ட், அதான் ஷாக் குடுத்து எடுக்கறது, பெரிய நரம்புகள மட்டும்தான் அளக்கும், சூடு வலி உணர்ற மெல்லிய நரம்பெல்லாம் அதுக்கு எட்டாது, அதுல பாதிப்புன்னா டெஸ்ட் அழகா நார்மல்னு வரும், ஆள் ராத்திரி முழுக்க கால தண்ணி பக்கெட்ல வெச்சுட்டு உக்காந்திருப்பார். ஜிபிஎஸ்ல (கில்லன் பாரே, கால்லேர்ந்து மேல ஏறி பலம் போற நரம்பு வியாதி) முதல் சில நாள் என் டெஸ்ட்டே ஏமாத்தும். மயஸ்தீனியா கண்ணோட மட்டும் நின்னுச்சுன்னா ரத்தத்துல ஆன்டிபாடி பாத்தா சுமார் பாதிப் பேருக்கு நெகட்டிவ். நார்மல்னா இந்த டெஸ்ட்ல, இன்னிக்கு, நாங்க தேடினது கிடைக்கல. அதுக்கு மேல அதுல ஒண்ணும் படிக்காதீங்க.

நார்மல்னு சொன்னா ஜனங்க சந்தோஷப்படுவாங்கன்னு வேலைக்கு சேந்த புதுசுல நெனச்சேன். என் ரூம்ல நார்மலுக்குத்தான் அதிகமா அழறாங்க. "ஏதாவது ஒண்ணு வந்திருக்கக் கூடாதா அக்கா, வீட்ல போய் என்ன சொல்வேன்" அப்டீன்னு கேக்கறாங்க.

அப்புறம் இன்னொரு கூட்டம் இருக்கு, இவங்களுக்குத்தான் எல்லாரையும் விட அதிகமா அடி விழுது. ஃபங்ஷனல் நியூராலஜிக்கல் டிஸார்டர். கால் இழுக்கும், கை நடுங்கும், ஃபிட்ஸ் மாதிரியே வரும், ஆனா கட்டமைப்புல சேதம் இருக்காது, மூளை உடம்ப ஓட்டற விதத்துல கோளாறு. நியூராலஜி ஓபிடிக்கு இது ஒண்ணும் அபூர்வம் கிடையாது, ரொம்ப சகஜம். டெஸ்ட் எல்லாம் நார்மல் அதனால இதுதான்னு தள்ளிவிடற வியாதியும் கிடையாது, அதுக்குன்னு தனி அடையாளம் இருக்கு. படுக்க வெச்சு பலமில்லாத கால கீழ அழுத்துன்னா முடியாது. அடுத்த கால மேல தூக்குன்னு சொல்லிட்டு டாக்டர் இந்த குதிகாலுக்கு அடியில கைய வெச்சுப்பார், பலமில்லாத கால் தானா கைய அழுத்தும். ஹூவர்னு ஒருத்தர் 1908லயே எழுதி வெச்சுட்டார் இத. பாதை உடையல, கவனம் அங்க போனா மட்டும் மாட்டிக்குதுன்னு அர்த்தம். இத பாத்துட்டு "பாத்தியா, புடிச்சுட்டோம், நடிக்கறா"ன்னு சொல்றவங்கள என்ன பண்றது? நடிக்கறவ எதுக்குங்க கீழ விழுந்து பல்ல ஒடச்சுக்கப் போறா. 2013ல வந்த டிஎஸ்எம்-5ல (மனநல டாக்டருங்க வியாதிக்கு பேர் குடுக்க வெச்சிருக்கற அமெரிக்க கையேடு), மனசுல ஒரு அதிர்ச்சிய கண்டுபுடிச்சாத்தான் இந்த பேர் குடுக்கணும்ங்கற நிபந்தனையையே எடுத்துட்டாங்க. ஒழுங்கா புரிய வெச்சு, இதுக்குன்னு பழகின பிசியோதெரபி குடுத்தா நெறைய பேர் தேறி வர்றாங்க. வலிப்பும் இதுவும் ஒரே ஆளுக்கு சேந்து இருக்கவும் வாய்ப்புண்டு, அதனால நீங்களா எந்த மாத்திரையையும் நிறுத்தாதீங்க.

பெங்களூர்ல மனநலத்துக்கும் நரம்புக்கும் சேத்து இருக்கற பெரிய ஆஸ்பத்திரி நிம்ஹான்ஸ், அங்க போங்கன்னு எழுதிக் குடுத்தா லெட்டர கிழிச்சுப் போட்டவங்கள எனக்குத் தெரியும். "அது பைத்தியக்கார ஆஸ்பத்திரிங்க, பொண்ணுக்கு நாளைக்கு கல்யாணம் ஆகணும்." 1974ல மனநல ஆஸ்பத்திரியையும் அகில இந்திய மனநல நிலையத்தையும் ஒண்ணாக்கித்தான் நிம்ஹான்ஸ் வந்துச்சு, உண்மைதான், ஆனா பேர்லயே நியூரோசயன்ஸும் இருக்கே, ஓசூர் ரோட்ல ஒரே காம்பவுண்டுக்குள்ள நியூராலஜியும் நியூரோசர்ஜரியும் சைக்யாட்ரியும் சேந்து இருக்கறது உங்க அதிர்ஷ்டம்னு நெனைங்க. சைக்யாட்ரிக்கு அனுப்பினா உங்கள பைத்தியம்னு சொல்லிட்டாங்கன்னு அர்த்தம் பண்ணிக்காதீங்க. அதே சமயம் முழுசா பரிசோதன பண்ணாமலே அனுப்பினா என்ன தேடினீங்க, என்ன இல்லன்னு கேக்கறதுக்கு உங்களுக்கு எல்லா உரிமையும் இருக்கு.

பரிசோதனைன்னு சொன்னதும் ஒருத்தர் ஞாபகம் வர்றார். கட்டட வேலை பாக்கறவர், சுண்டு விரல் மோதிர விரல் மடங்கிப் போச்சு. கழுத்துல டிஸ்க்னு ஒருத்தர் எம்ஆர்ஐ எடுத்து கழுத்துக்கு பட்டை போட்டு அனுப்பிட்டார். எலக்ட்ரோட் ஒட்டறப்போ முழங்கைக்கு உள்பக்கம் தடவினேன், நரம்பு கயிறு கணக்கா உருண்டுச்சு. முன்னங்கைல வெளுத்த தேமல், கிள்ளினா தெரியல அவருக்கு. டாக்டர்கிட்ட காட்டினேன், தொழுநோய். 2005ல ஒழிச்சுட்டோம்னு அறிவிச்சுட்டாங்க, அதாவது எண்ணிக்கை ஒரு அளவுக்கு கீழ வந்துச்சு, அவ்ளோதான், இன்னமும் புதுசா வருது. மருந்து அரசாங்கத்துல இலவசம். சட்டைக் கைய மடிச்சுப் பாக்காம கழுத்த ஸ்கேன் பண்ணா இப்படித்தான்.

சரி, நீங்க செய்ய வேண்டியது. பை நெறைய ஃபிலிம விட ஒரே ஒரு பேப்பர் உதவும். எப்போ ஆரம்பிச்சுது, முதல்ல என்ன, அப்புறம் என்ன, காலைலயா சாயங்காலமா, எது பண்ணா ஜாஸ்தி, எது பண்ணா கம்மி, என்னென்ன மாத்திரை, அவ்ளோதான். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிடறவங்க அத கண்டிப்பா எழுதுங்க, பி12 குறையும். மரமரப்புன்னு மெடிக்கல்ல போய் சொல்லி அந்த சிவப்பு பி12 ஊசிய போட்டுட்டு அப்புறம் பி12 டெஸ்ட் எடுக்காதீங்க, ஊசி போட்டா அளவு ஜோரா வரும், குறைஞ்சு இருந்துச்சான்னு யாராலயும் சொல்ல முடியாது. நரம்புத் தளர்ச்சிக்குன்னு லேபிள் இல்லாத சூரணம், லேகியம் சாப்ட்டிருந்தா வெக்கப்படாம டப்பாவ கொண்டு வாங்க, சிலதுல ஈயம் பாதரசம் எல்லாம் இருக்கு, ஈயமே நரம்ப கெடுக்கும். சொந்தத்துல கல்யாணமான்னு டாக்டர் கேட்டா மூஞ்ச தூக்கிக்காதீங்க, பரம்பரையா வர்றத தேடறார். இருபது வயசுப் பையனுக்கு கை நடுக்கம், பேச்சு குழறல், படிப்புல திடீர்னு மந்தம்னா செல்லம் குடுத்து கெட்டுப்போச்சுன்னு திட்டறதுக்கு முன்னாடி வில்சன் நோய் பாத்தாச்சான்னு கேளுங்க, கல்லீரல் மூளைல எல்லாம் செம்பு சேர்ற வியாதி, சீக்கிரம் கண்டுபுடிச்சா மருந்து இருக்கு.

வந்து வந்து போற தொந்தரவுன்னா வீடியோ எடுங்க. முகம் தெரியணும், கண்ணு தொறந்திருக்கா மூடியிருக்கான்னு தெரியணும், ஆரம்பத்துலேர்ந்து முடிஞ்சு தெளியற வரைக்கும் எடுங்க. இரும்ப கைல திணிக்கறது, வாய்ல ஸ்பூன் வைக்கறது, இதெல்லாம் தயவு பண்ணி வேணாம், ஒருக்களிச்சு படுக்க வைங்க, அஞ்சு நிமிஷம் தாண்டினா வண்டிய எடுங்க.

பேஷண்ட்ட பேச விடுங்க. மொழி தெரியலன்னு வீட்டுக்காரர் கன்னடத்துல சொல்வார், அவ அஞ்சு நிமிஷம் சொன்னத "தலை சுத்துதாம் சார்"னு முடிச்சுடுவார். தமிழ் தெரிஞ்ச நர்ஸ் யாராவது இருப்பாங்க, கேட்டா வருவாங்க. மாசத்துக்கு ஒரு டாக்டர மாத்தாதீங்க, சில வியாதி தன்ன காட்டிக்கறதுக்கே மாசக்கணக்காகும், அதே டாக்டர் திரும்ப பாத்தாத்தான் போன தடவைக்கு இப்ப என்ன மாறியிருக்குன்னு தெரியும்.

இதையெல்லாம் படிச்சுட்டு ஆற அமர பேப்பர் எழுதிட்டு உக்காரக்கூடாத கேஸும் உண்டு. வாய் கோணறது, ஒரு பக்கம் கை கால் விழறது, பேச்சு குழறறது திடீர்னு வந்தா 108, மூளைல அடைச்ச ரத்தக் கட்டிய கரைக்கற ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் பொதுவான கெடு. கால்ல ஆரம்பிச்ச பலவீனம் நாளுக்கு நாள் மேல ஏறுது, முழுங்க முடியல, படுத்தா மூச்சு வாங்குது, கால் பலவீனத்தோட யூரின் போறது தெரியல, இதுல எது வந்தாலும் அன்னிக்கே எமர்ஜென்சி.

என்கிட்ட டெஸ்ட்டுக்கு வர்றவங்க, தலைக்கு எண்ணெய் வெச்சுட்டு இஇஜிக்கு வராதீங்க, ஒயர் ஒட்டவே ஒட்டாது, முந்தின நாள் ஷாம்பூ போட்டு அலசிடுங்க. கை காலுக்கு கிரீம் வேணாம், வளையல் மோதிரம் வீட்லயே கழட்டிடுங்க. ஏசி பஸ்ல வந்து கை ஜில்லுன்னு இருந்தா சொல்லுங்க, குளிர்ந்த கைல நரம்பு மெதுவாத்தான் ஓடும், சூடு பண்ணிட்டு எடுப்பேன். பேஸ்மேக்கர் இருந்தா முன்னாடியே சொல்லணும். மயஸ்தீனியா மாத்திரைய எத்தன மணிக்கு நிறுத்தணும்னு டாக்டர கேட்டுட்டு வாங்க, நீங்களா முடிவு பண்ணாதீங்க. அப்புறம் டெஸ்ட் முடிஞ்சதும் "என்ன மேடம் வந்திருக்கு"ன்னு கேக்காதீங்க, நான் சொல்லக்கூடாது, டாக்டர்தான் சொல்லணும். கதைய வேணா சொல்லுங்க, ரிப்போர்ட் மேல க்ளினிக்கல் ஹிஸ்டரின்னு ஒரு கட்டம் இருக்கு, எழுதி அனுப்பறேன்.