‘ரேப்பிட் ஜீனோம் சீக்வென்சிங்’: தமிழில் என்ன சொல்வது?

எங்கள் சொந்தத்தில் ஒரு குழந்தைக்குப் பிறந்த ஒன்பதாம் நாளே வலிப்பு வந்துவிட்டது, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்திருந்தார்கள். டாக்டர் வெளியே வந்து, “மரபணு சோதனை பண்ணிடலாம், அப்பா அம்மா ரெண்டு பேரோட ரத்தமும் வேணும்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். குழந்தையின் பாட்டி எனக்குப் பெரியம்மா முறை. என் கையைப் பிடித்துத் தணிந்த குரலில் கேட்டார்: “ஏம்ப்பா, அவங்களுக்கு என்ன சந்தேகம்?” கேள்வி எனக்குப் புரியவே ஒரு நிமிடம் ஆனது. மரபணு சோதனை என்றால் பெரியம்மாவுக்குத் தெரிந்தது செய்தித்தாளில் வருகிற சோதனைதான், தகப்பன் யார் என்று பார்க்கக் கோர்ட் உத்தரவு போடுமே, அது. இரண்டு நாற்காலி தள்ளி மருமகள் உட்கார்ந்திருந்தாள், பிழிந்து எடுத்த தாய்ப்பால் இருந்த சின்ன டப்பாவை இரண்டு கையாலும் பிடித்தபடி. அவள் காதிலும் அந்தக் கேள்வி விழுந்திருக்கும்.

அன்றிலிருந்து இந்தச் சொல்லை நான் விடவே இல்லை. குழந்தையின் டி.என்.ஏ. முழுவதையும் வேகமாகப் படித்துப் பார்க்கும் சோதனைதான் ‘ரேப்பிட் ஜீனோம் சீக்வென்சிங்’. டாக்டர்கள் தங்களுக்குள் பேசும்போது “ரேப்பிட் ஜீனோம் அனுப்பிடலாமா” என்கிறார்கள், நம்மிடம் வரும்போது அது “மரபணு சோதனை” ஆகிவிடுகிறது. வழியில் நிறைய தொலைந்துபோகிறது.

முதலில் ‘ஜீன்’. டென்மார்க்கைச் சேர்ந்த வில்ஹெல்ம் யோஹான்சன் 1909-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல் இது. ஹ்யூகோ டி விரீஸ் வைத்திருந்த ‘பான்ஜென்’ என்ற சொல்லின் தலையை வெட்டிச் சுருக்கினார். அடியில் இருப்பது பிறப்பு என்னும் பொருள் கொண்ட கிரேக்க வேர். சமஸ்கிருத வழியாக நமக்கு வந்த ஜனனம், ஜன்மம் எல்லாம் அதே குடும்பம்தான். 1920-இல் ஜெர்மன் தாவரவியலாளர் ஹான்ஸ் விங்க்லர் ‘ஜீனோம்’ என்றார். ஜீனையும் குரோமோசோமையும் ஒட்டிய சொல் என்று பலரும் சொல்வார்கள், ‘ஓம்’ என்பது முழுத்தொகுதியைக் குறிக்கும் விகுதி என்பாரும் உண்டு. டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் வடிவம் தெரியவந்ததே 1953-இல்தான். அதற்கு 33 ஆண்டு முன்பே பெயர் வந்துவிட்டது.

தமிழில் ‘மரபணு’. இதில் ‘மரபு’ அருமையான தேர்வு. ஜெனிடிக்ஸுக்கு நாம் சொல்லும் ‘மரபியல்’ தொல்காப்பியத்தின் கடைசி இயலுக்கும் பெயர். அந்த இயல் எதில் தொடங்குகிறது தெரியுமா, இளம் உயிர்களின் பெயர்களில்: பார்ப்பு, பறழ், குட்டி, குருளை, கன்று, பிள்ளை, மகவு, மறி, குழவி. அங்கே மரபு என்றால் வழக்கம், எதை எப்படி அழைப்பது என்பது. இன்றைய பொருள் அதில் இல்லை. ஆனாலும் பச்சிளங்குழந்தைப் பிரிவின் வாசலில் உட்கார்ந்து இதை நினைத்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

‘அணு’தான் பொருந்தவில்லை. அணு என்றால் பௌதிகத்தின் அணு நினைவுக்கு வரும், உயிரணு என்றால் செல். அப்போது மரபணு ஏதோ ஒரு வகைத் தனித்துகள் என்று படும். உண்மையில் ஜீன் துகள் இல்லை, நீளமான டி.என்.ஏ. இழையில் ஒரு பகுதி. நீண்ட புத்தகத்தில் ஒரு பத்தி மாதிரி. இலங்கைப் பாடநூல்களில் ஜீனைப் ‘பரம்பரையலகு’ என்கிறார்கள், ஜெனிடிக்ஸ் அங்கே ‘பிறப்புரிமையியல்’. அலகு என்பது அணுவைவிடச் சரி என்றே நினைக்கிறேன். ஆனால் மரபணு வேரூன்றிவிட்டது, இனி பிடுங்க வேண்டியதில்லை.

ஜீனோமுக்கு ‘மரபணுத்தொகை’, ‘மரபணுத்தொகுதி’ என்று இரண்டு பெயர்கள் ஓடுகின்றன. எட்டுத்தொகை படித்தவருக்குத் தொகை அழகான சொல்தான், ஆனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் தொகை என்றால் கட்ட வேண்டிய பணம். அதனால் என் ஓட்டு தொகுதிக்கு. அதிலும் ‘முழு’ சேர்ப்பது அவசியம். டி.என்.ஏ. இழை நான்கு வகை வேதிப்பொருள்களின் தொடர், அவற்றைத்தான் எழுத்து என்கிறேன். மனிதனின் ஒரு தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்து, புரதம் செய்யச் சொல்லும் பகுதி அதில் 1 முதல் 2 சதவீதம்தான். அதை மட்டும் படிப்பது ‘எக்ஸோம்’ சோதனை. முழுவதையும் படிப்பது வேறு, செலவும் வேறு.

அடுத்தது ‘சீக்வென்சிங்’. பின்தொடர்தல் என்னும் லத்தீன் வேர், எதன் பின்னால் எது வருகிறது என்று அறிவது. நாம் ‘வரிசைப்படுத்துதல்’ என்று எழுதுகிறோம், எனக்கு உறுத்துவது இங்கேதான். வரிசைப்படுத்துவது என்றால் கலைந்து கிடப்பதை அடுக்குவது. குழந்தையின் உடம்பில் எழுத்துகள் ஏற்கனவே வரிசையாகத்தான் இருக்கின்றன, நாம் அதைப் படிக்கிறோம், அவ்வளவுதான். ஒரு நியாயமான மறுப்பு உண்டு: பெரும்பாலான கருவிகள் டி.என்.ஏ.வைச் சிறு துண்டுகளாக்கித் துண்டுக்கு 150 எழுத்துபோலப் படிக்கின்றன, எந்தத் துண்டு எந்த இடம் என்று கம்ப்யூட்டர்தான் பொருத்துகிறது, அது அடுக்குவது இல்லையா? சரிதான், ஆனால் அது படிக்கும் முறையைச் சேர்ந்தது, கிழிந்த கடிதத்தை ஒட்டிவைத்துப் படித்தாலும் படித்தேன் என்றுதானே சொல்வோம். கொரோனா காலத்தில் செய்தித்தாள்கள் ‘மரபணு பகுப்பாய்வு’ என்று எழுதின, 2021-இல் சென்னையில் அதற்கென்று அரசு ஆய்வகமே திறந்தார்கள். அது வைரஸின் வகை பார்க்க. பகுப்பாய்வு படித்து முடித்த பிறகு நடக்கும் வேலை. எழுத்தில் ‘வரிசையறிதல்’, பேச்சில் ‘வாசிப்பு’, இதுதான் என் பரிந்துரை.

‘ரேப்பிட்’ என்பதற்கு விரைவு போதும். எவ்வளவு விரைவு என்பதில்தான் விஷயமே இருக்கிறது. மனிதனின் தொகுதியைப் படிக்க எடுத்த மனித ஜீனோம் திட்டம் 1990-இல் தொடங்கி 2003-இல் முடிந்தது. 2012-இல் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் ஸ்டீபன் கிங்ஸ்மோர் என்ற ஆய்வாளரின் குழு, தீவிர சிகிச்சையில் இருந்த பச்சிளங்குழந்தைகளுக்கு 50 மணி நேரத்தில் பார்க்கலாம் என்று காட்டியது. 2022-இல் ஸ்டான்ஃபோர்டில் யூவன் ஆஷ்லி குழு வெளியிட்ட ஆய்வில் மிக வேகமான நோயறிதல் 7 மணி 18 நிமிடம். அந்த ஆய்வில் 12 நோயாளிகள், விடை கிடைத்தது 5 பேருக்கு. மீதிப் பேருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் வாசலில் நிற்கும் குடும்பத்துக்குச் சொல்லியாக வேண்டும்.

மணிக்கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், சான் டியாகோவில் ஐந்து வாரக் குழந்தை ஒன்று, தேற்ற முடியாத அழுகையோடு வந்தது. ஸ்கேனில் மூளை பாதிக்கப்பட்டிருந்தது. ஏறக்குறைய பத்து வருடம் முன்பு அதே பெற்றோரின் இன்னொரு குழந்தை இதே மாதிரி வந்து, காரணம் தெரியாமலே இறந்திருந்தது. இந்த முறை கிங்ஸ்மோர் குழுவினர் முழு வாசிப்பு செய்தார்கள். தயமினை, அதாவது பி1 வைட்டமினை, மூளைக்குள் கொண்டுபோகும் புரதத்துக்கான ஜீனில் பிழை. மருந்து என்ன தெரியுமா, தயமினும் பயோட்டினும், வெறும் வைட்டமின்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்து இரண்டு நாள் முடிவதற்குள் கொடுத்தார்கள், சில மணி நேரத்தில் குழந்தை அமைதியாகிப் பால் குடித்தது. இதைப் படித்துவிட்டு முதல் குழந்தையை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். விரைவான எல்லா மரபணுச் சோதனையும் முழு வாசிப்பு இல்லை. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் பச்சிளங்குழந்தைகளுக்குக் கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் தடவி எடுத்து 26 நிமிடத்தில் ஒரு சோதனை செய்கிறார்கள். அது தேடுவது ஒரே ஒரு எழுத்து மாற்றம். அந்த மாற்றம் உள்ள குழந்தைக்கு ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் போட்டால் நிரந்தரமாகக் காது கேட்காமல் போகலாம், தொற்று என்று வந்தால் அந்த மருந்தைச் சீக்கிரம் போட்டாக வேண்டும், அதனால்தான் அந்த 26 நிமிடம். இது ‘விரைவு மரபணுச் சோதனை’. மற்றது ‘விரைவு முழு மரபணுத்தொகுதி வாசிப்பு’. நீளம்தான், ஆனால் இரண்டையும் ஒரே பெயரில் அழைத்தால் எது நடக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியாது.

அப்பா அம்மா ரத்தம் எதற்கு? எல்லோரிடமும் லட்சக்கணக்கில் எழுத்து வேறுபாடுகள் உண்டு, பெரும்பாலானவை தீங்கில்லாதவை. மூன்று பேருடையதையும் பக்கத்தில் வைத்தால் எது பெற்றோரிடமிருந்து வந்தது, எது குழந்தையிடம் புதிதாகத் தோன்றியது என்று சீக்கிரம் தெரியும். இதற்கு ‘ட்ரையோ’ என்று பெயர், ‘மூவர் வாசிப்பு’ எனலாம். டாக்டர் இன்னும் அரை நிமிடம் நின்று இதைச் சொல்லியிருந்தால் போதும்.

அன்று நான்தான் சொன்னேன். “சந்தேகம் எல்லாம் இல்ல பெரியம்மா, புள்ள உடம்புல எழுதியிருக்கறத முழுசாப் படிக்கப்போறாங்க. எங்க எழுத்துப்பிழைன்னு தெரிய அப்பா அம்மாவோடதையும் பக்கத்துல வச்சுப் பாக்கணும்.” “படிச்சா வலிப்பு ஏன்னு தெரிஞ்சிடுமா?” “தெரியலாம், தெரியாமயும் போகலாம்.” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் எழுந்துபோய் மருமகள் கையிலிருந்த பால் டப்பாவை வாங்கிக்கொண்டு, “நீ போய் ரத்தம் குடுத்துட்டு வாம்மா, நான் வச்சிருக்கேன்” என்றார்.