டீயா, டீயையா?

மொரீசியசின் ரோஸ் ஹில்லில் இருக்கும் ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: “என் மகன் ‘ஐ லைக் தி டீ’ என்று எழுதினால் டீச்சர் ‘தி’யை அடித்துவிடுகிறார். ‘தி சன்’ என்றால் விட்டுவிடுகிறார். இது என்ன கணக்கு?”

பையனுக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்த பழக்கம். டீ பிடிக்கும் என்று பொதுவாகச் சொன்னாலும் பிரெஞ்சில் ‘தி’ போன்ற ஒரு ஆர்ட்டிக்கிள் வேண்டும். ஆங்கிலத்தில் பொதுவான டீக்கு வேண்டாம், மேசைமேல் நீங்கள் வைத்த டீக்கு வேண்டும். எதைச் சொல்கிறோம் என்று கேட்பவருக்குப் புரியும் என்றால் ‘தி’. சூரியன் ஒன்றுதான், அதனால் ‘தி சன்’. முன்பே பேசிய பொருளுக்கும் அப்படித்தான். பேசாத பொருளுக்கும்கூட வரும். “ஐ காட் ஆன் எ பஸ். தி டிரைவர் வாஸ் சிங்கிங்.” டிரைவரைப் பற்றி இதற்குமுன் பேச்சே இல்லை. ஆனால் பஸ் என்றதுமே அவரும் கேட்பவர் மனதில் வந்து உட்கார்ந்துவிடுகிறார்!

ஊர், நாடு, கடல் பெயர்களில் மட்டும் பழக்கம்தான் வழி. மொரீசியசுக்கு ‘தி’ இல்லை, இந்தியப் பெருங்கடலுக்கு உண்டு.

பிரெஞ்சிலிருந்து பிறந்த நம் கிரியோல் மொழியைப் பாருங்கள். மேசைக்கு ‘லதாப்’. அதில் ‘லா’ என்ற பிரெஞ்சு ஆர்ட்டிக்கிள் பெயரோடு ஒட்டி உறைந்துவிட்டது, அதற்கு இப்போது வேலை இல்லை. குறிப்பிட்ட ஒரு மேசை என்றால் பின்னால் இன்னொன்று சேர்த்து ‘லதாப் லா’ என்கிறோம்.

தமிழில் ஆர்ட்டிக்கிள் இல்லை, அதனால் நம் பிள்ளைகளுக்கு இது வராது என்று சிலர் சொல்வது எனக்கு மூடநம்பிக்கையாகவே படுகிறது. “மரம் வெட்டினான்” என்றால் அவன் செய்த வேலை தெரிகிறது, எந்த மரம் என்பது பேச்சே இல்லை. “மரத்தை வெட்டினான்” என்றால்? எந்த மரம் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், தெரியாவிட்டால் “எந்த மரத்தை?” என்று கேட்டுவிடுவோம். அஃறிணைப் பெயரில் ‘தி’யின் வேலையில் ஒரு பங்கை இந்த ‘ஐ’ உருபு சத்தமில்லாமல் செய்கிறது. உயர்திணைக்கு இந்த வசதி இல்லை: “ஒரு பையனைப் பார்த்தேன்” என்று யாரென்று தெரியாத பையனுக்கும் ‘ஐ’ போட்டே ஆக வேண்டும். வீட்டில் தமிழ் கேட்டு வளரும் குழந்தை இதையெல்லாம் யாரும் சொல்லித்தராமலே சரியாகச் செய்கிறது. ஆங்கில வகுப்பில் இந்த அறிவை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். அங்கிருந்து தொடங்கினால் சிவப்பு மையில் பாதி மிச்சமாகும்.

வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம் என்று எழுதியிருந்தீர்கள். சரி, இன்று சாயங்காலம் “டீ குடிச்சியா?” என்று ஒரு தடவை, “டீயைக் குடிச்சியா?” என்று ஒரு தடவை கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு அவன் கண் எந்தக் கோப்பைக்குப் போகிறது என்று பாருங்கள்.