வேங்கை என்றால் சிறுத்தை இல்லை

ஆண் குழந்தைக்கு விலங்கை ஒட்டிய பேராக, தெருவில் வேறு யாருக்கும் இல்லாத பேராக விட வேண்டும் என்று தேடுகிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்து நிற்கும் சொல் 'வேங்கை'. நல்ல பேர்தான். கோளாறு அதற்கு எதிரே எழுதியிருக்கும் பொருளில் இருக்கிறது. கைபேசியில் சுற்றும் ஒரு பட்டியல் 'வேங்கை: சிறுத்தை' என்கிறது. இன்னொன்று 'வேங்கை: சீட்டாவைப் போல வேகமானவன்' என்கிறது. இரண்டும் தப்பு. வேங்கை என்றால் புலி, உடம்பெல்லாம் வரி ஓடும் புலி.

சொல்லின் பிறப்பைச் சட்டென்று சொல்லிவிடலாம். வேங்கை ஒரு மரத்தின் பேரும்கூட. மலையாளத்தில் வேங்ஙா, கன்னடத்தில் பேங்கெ என்று அக்கம்பக்கத்து மொழிகளில் மரத்தைத்தான் குறிக்கிறது. அதனால் மரப்பேரே மூத்தது என்று கொள்ள இடமிருக்கிறது. மரம் எப்படிப் புலியானது என்பதற்குக் குறுந்தொகை 47-ஆம் பாட்டைப் பார்த்தால் போதும்: 'கருங்கால் வேங்கை வீயுகு துறுகல் இரும்புலிக் குருளையின் தோன்றும்'. கரிய பாறை மேல் மஞ்சள் பூ உதிர்ந்து கிடக்கிறது. நிலா வெளிச்சத்தில் அது புலிக்குட்டி படுத்திருப்பது போலத் தெரிகிறது. வேங்கைப் பூப் பறிக்கும் பெண்கள் 'புலி புலி' என்று கூவியதாக அகநானூறும் சொல்கிறது. கறுப்பும் மஞ்சளும் சேர்ந்தால் நம் ஆட்கள் கண்ணுக்கு வரிப்புலிதான்.

இனி அந்த 'வேகம்' கதை. வேங்கைக்குள் வேகம் ஒளிந்திருக்கிறது, உலகத்திலேயே வேகமாக ஓடும் விலங்கு சீட்டா, ஆகவே வேங்கைதான் சீட்டா என்று கணக்குப் போடுகிறார்கள். வேகம் வடசொல். வேங்கை மலைக்குறவர் வாயில் கிடந்த மரப்பேர். ஓசை ஒத்துப்போனால் உறவு என்றால் வேங்கைக்கு வெங்காயமும் பங்காளிதான். 'சீட்டா' என்ற சொல்லிலாவது வேகம் இருக்கிறதா? அதுவும் இல்லை. வடமொழிச் 'சித்ரக' இந்தியில் 'சீத்தா' ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. பொருள், புள்ளி போட்டது.

அப்படியானால் சீட்டாவுக்குத் தமிழ் என்ன? அது ஒவ்வொருவர் வாயிலும் தினமும் புழங்குகிறது, யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். சிவிங்கி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை படத்தைப் பார்த்து 'ஒட்டகச்சிவிங்கி' என்று சொல்கிறதே, அந்தச் சிவிங்கிதான். ஒட்டகம் போன்ற உயரம், சிவிங்கி போன்ற புள்ளி. அந்த விலங்கின் அறிவியல் பேரான 'கேமலோபார்டாலிஸ்' என்பதும் இதே கட்டுமானம்: ஒட்டகம் பாதி, புள்ளிப்புலி பாதி. கூட்டுச்சொல்லை மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, அதன் பின்பாதியைத் தெருவில் விட்டுவிட்டோம். சிவிங்கி என்றால் 'நீங்கள் புதிதாகக் கட்டிய சொல்லா' என்று கேட்பவர்கள் பழைய அகராதியைப் புரட்டிக்கொள்ளலாம்.

இந்த மறதியின் விலை 2022-இல் தெரிந்தது. செப்டம்பர் 17 அன்று நமீபியாவிலிருந்து 8 சிவிங்கிகளை மத்தியப் பிரதேசத்தின் குனோ காட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இந்தியாவில் சிவிங்கி அற்றுப்போனதாக 1952-இல் அறிவிக்கப்பட்டிருந்தது. அதனால்தான் அத்தனை ஆர்ப்பாட்டம். தமிழில் செய்தி எப்படி வந்தது? 'அழிந்துபோன சிறுத்தை மீண்டும் வந்தது.' அடுத்த செய்தியிலேயே 'ஊருக்குள் புகுந்த சிறுத்தை, பொதுமக்கள் பீதி.' எழுபது வருஷத்துக்கு முன்னால் அழிந்த விலங்கு நேற்று ராத்திரி எப்படி ஆட்டுக்கொட்டகைக்குள் வந்தது என்று மொழிபெயர்த்தவருக்கு ஒரு நொடி உறுத்தியிருக்க வேண்டாமா? சிறுத்தை இந்த நாட்டை விட்டு எங்கும் போகவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், மேகமலைப் பக்கம் போய்க் கேட்டால் ஆடு மேய்க்கிறவரே சொல்லுவார்.

மூன்றையும் பிரித்தறிவது கஷ்டமே இல்லை. வரி இருந்தால் வேங்கை. புள்ளிகள் பூ மாதிரி வளையம் வளையமாக, நடுவில் வெளிறி இருந்தால் சிறுத்தை. புள்ளி அச்சுக் குத்தினது போல முழுக் கறுப்பாக, கண்ணிலிருந்து வாய் ஓரம் வரை மைக்கோடு இறங்கியிருந்தால் சிவிங்கி. சிறுத்தை என்ற சொல்லே 'சிறு'வில் பிறந்தது. பெரிய புலியைப் போய்ச் சிறுத்தை என்பது, மாமனாரைத் தம்பி என்று கூப்பிடுகிற மாதிரி. மதுரை வெள்ளியம்பலத்தில் சிவன் கூத்தைக் காண வந்த வியாக்கிரபாதரைத் தமிழில் புலிக்கால் முனிவர் என்றார்கள். சிறுத்தைக்கால் முனிவர் என்று எவரும் சொல்லவில்லை. அந்தக் காலத்து மொழிபெயர்ப்பாளருக்கு விலங்கு தெரிந்திருந்தது. இப்போது ஆங்கிலச் சொல்லைப் பெட்டியில் போட்டு, முதலில் வந்து விழுவதை எடுத்து வைக்கிறார்கள். அதை அடுத்தவர் பட்டியலாக்குகிறார். பட்டியலைப் பார்த்துப் பிள்ளைக்குப் பேர் விடுகிறார்கள்.

பேருக்கு வருவோம். வேங்கை என்று தனியாக வைக்கலாம். ஆனால் முல்லை, தாமரை என்று ஐகாரத்தில் முடியும் பேர்கள் இன்று பெண்பாலாகவே காதில் விழுகின்றன. ஆண் என்று தெளிவாகத் தெரிய வேண்டுமானால் வேங்கையன், வேங்கைமாறன். பழைய பேரே வேண்டுமென்றால் வேங்கைமார்பன் இருக்கிறது. பாண்டியன் உக்கிரப்பெருவழுதி கானப்பேரெயில் கோட்டையைப் பிடித்தபோது அதை இழந்தவன் இவன், புறநானூறு 21. கானப்பேர்தான் இன்றைய காளையார்கோவில், மதுரையிலிருந்து பஸ்ஸில் போய் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். தோற்றவன் பேரா என்று வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிக்கக்கூடும், முன்னாலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

உழுவை, கொடுவரி, வல்லியம் மூன்றும் புலிதான். கொடுவரி என்பது வளைந்த வரி. ஆனால் 'கொடு'வைக் கேட்டதும் கொடுமை நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது. குருளை என்று செல்லமாக வைக்க நினைப்பவர்கள் தொல்காப்பிய மரபியலைப் பார்த்துவிட்டு வையுங்கள். புலிக்குட்டியோடு நாய், பன்றி, முயல் குட்டிகளுக்கும் அதுதான் பேர். கடுவன் சங்கப் புலவர் ஒருவரின் பேரிலேயே உண்டு, கடுவன் இளவெயினனார். இன்றைக்கு வைத்தால் ஆண் குரங்கு என்று எவனாவது அகராதியைத் தூக்கிக்கொண்டு வருவான்.

எழுத்தில் வரும் தொல்லைதான் பெரிது. ஆங்கிலத்தில் வி-இ-என்-ஜி-ஏ-ஐ என்று எழுதினால் வெளியூர் வாத்தியார் 'வெங்காய்' என்று வாசிப்பார். மிச்சத்தைப் பையன்கள் பார்த்துக்கொள்வார்கள். நெடில் காட்டுகிறேன் என்று இன்னொரு இ சேர்த்தால் 'வீங்கை' ஆகி, கன்னம் வீங்கின மாதிரி ஆகிவிடும். நியூமராலஜிக்காரர் சொல்லும் கூடுதல் எழுத்தையும் சேர்க்காதீர்கள். ஆங்கிலத்தில் ஒற்றை இ-யோடு விட்டுவிட்டு, தமிழ்ப் பேரைச் சரியாகப் பதிய வையுங்கள். இரட்டைச் சுழிக் கொம்பு 'வே', ஒற்றைச் சுழி 'வெ' இல்லை. தட்டச்சில் வழுக்கும் இடம் இதுதான். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பேரை 12 மாதம் வரை கட்டணமில்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணத்தோடு. ஆகவே தொட்டில் போடும் அவசரத்தில் தப்பாக எழுதிக்கொடுக்கத் தேவையில்லை.

கடைசியாக ஃப்ளெக்ஸ். நம் ஊரில் பேர் விடும் விழாவுக்கு அது இல்லாமல் முடியாது. பிள்ளை படத்துக்குப் பக்கத்தில் வேங்கை போடுங்கள் என்று சொன்னால், டிசைன் செய்யும் தம்பி புள்ளி போட்ட ஒன்றைத்தான் இழுத்து ஒட்டுவார். அச்சுக்குப் போகும் முன் ப்ரூஃபை வாட்ஸப்பில் வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, உடம்பில் ஓடுவது வரியா புள்ளியா என்று பாருங்கள்.