கூடை இன்னும் சுற்றுகிறது

பழைய லாண்டரிக்கு மெஷின் பார்க்கப் போனால், முதல் வேலையாக, துவைத்த துணியைச் சுழற்றித் தண்ணீர் பிழியும் ஹைட்ரோ மெஷினின் மூடியில் இருக்கும் லிமிட் சுவிட்சைத்தான் பார்ப்பேன். மூடி திறந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச் அது. பாதி இடங்களில், மூடி திறந்திருந்தாலும் மெஷின் ஓடும்படி அதன் இரண்டு ஒயரையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள். கேட்டால், "அடிக்கடி மக்கர் பண்ணுதுங்ணா, வேலை நிக்குது" என்று பதில் வரும்.

மூன்று கால்களில் தொங்கும் தொட்டி, உள்ளே துளை போட்ட கூடை, ஒரு மோட்டார், ஒரு பிரேக். ஹைட்ரோ அவ்வளவுதான். அதனால்தான் முப்பது வருடத்து மெஷின்கூட இன்னும் துணி பிழிந்துகொண்டிருக்கிறது. ஆனால் 30 அங்குலக் கூடை நிமிடத்துக்கு 1000 சுற்று சுற்றினால், அதன் விளிம்பு மணிக்கு 140 கி.மீ.க்கு மேல் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு கிலோ ஈரத்துணி, கூடைச் சுவரை 400 கிலோ எடைபோல அழுத்தும்.

ஓர் ஆஸ்பத்திரி லாண்டரியில் என் கண்ணெதிரே நடந்தது இது. சுவிட்சை அணைத்துவிட்டு உடனே மூடியைத் திறந்தான் ஒரு தம்பி. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பெட்ஷீட் நுனியைப் பிடித்து இழுத்தான். "ஆஃப் பண்ணியாச்சுங்ணா, மெதுவாத்தானே சுத்துது" என்று என்னிடம் சொல்லி வாய் மூடவில்லை, ஷீட் மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றிவிட்டது. பக்கத்தில் இருந்தவர் பிரேக்கை மிதித்தார். கை வீங்கியதோடு தப்பித்தான். அந்த பிரேக்கின் லைனரை, அதாவது உரசி நிறுத்தும் பட்டையை, நான் மாற்றிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது.

பழைய ஹைட்ரோக்களில் லிமிட் சுவிட்ச் சரியாக இருந்தாலும் அது கரண்டை மட்டும்தான் துண்டிக்கும். மூடியைப் பூட்டி வைக்காது. கூடையும் துணியுமாக இருக்கிற கனம், பிரேக் இல்லாவிட்டால் வெகுநேரம் சுற்றிக்கொண்டே இருக்கும். கூடை முழுதாக நின்ற பிறகே திறக்கும் பூட்டைப் பழைய மெஷினிலும் பொருத்தலாம். செலவு உண்டுதான்.

இப்போது இன்னொரு பழக்கம் வந்திருக்கிறது. சீக்கிரம் பிழியட்டும் என்று, மோட்டார் வேகத்தை மாற்றும் டிரைவ் மாட்டி, 50 ஹெர்ட்ஸ் மோட்டாரை 60-இல் ஓட்டுகிறார்கள். வேகம் கூடுவது 20 சதவீதம், கூடை தாங்க வேண்டிய விசை கூடுவதோ 44 சதவீதம். 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 30-ஆவது பிரிவு, சுழலும் கூடையைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, பாதுகாப்பான வேகத்தைத் தாண்டக் கூடாது என்றது.

பிளீச்சும் சாயப்பட்டறை உப்பும் ஸ்டெயின்லெஸ் கூடையையும் அரிக்கும். மாதம் ஒருமுறை மெயினை அணைத்து, டார்ச் அடித்து, துளைகளுக்கு இடையே நகத்தால் கீறிப் பாருங்கள். விரிசல் தட்டுப்பட்டால் வெல்டிங் வைத்து ஓட்ட வேண்டாம். அந்தக் கூடை காயலான் கடைக்குத்தான்.

கிளம்பும் முன் ஒன்று செய்வேன். துணி போட்டு முழு வேகத்தில் ஓடவிட்டு, அணைத்து, பிரேக் மிதித்து, கூடை நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று செல்போனில் பார்ப்பேன். அந்த எண்ணைத் தேதியோடு மூடியிலேயே பெயின்ட்டால் எழுதிவிடுவேன். அடுத்த முறை அதே லோடுக்கு அது கூடியிருந்தால், மற்ற வேலையெல்லாம் அப்புறம், முதலில் லைனரைக் கழற்றுவேன்.