புதிய டிவியில் சினிமா ஏன் சீரியலைப் போலத் தெரிகிறது?

பெரிய திரை கொண்ட புதிய தொலைக்காட்சி வந்திறங்கிய வீடுகளில், முதல் சில நாட்களுக்குள் ஒரு மனக்குறை எழுவது வழக்கமாகிவிட்டது. படம் மிகத் துல்லியமாக இருக்கிறது, நடிகரின் நெற்றி வியர்வை வரை தெரிகிறது, ஆனாலும் பார்ப்பது சினிமாவாகத் தோன்றவில்லை. பல முறை பார்த்து ரசித்த படம்கூட, படப்பிடிப்புத் தளத்தின் ஓரத்தில் நின்று ஒத்திகையைப் பார்ப்பதுபோல் ஆகிவிடுகிறது. அரண்மனை அட்டைச் சுவராகவும், வாள் சண்டை பயிற்சியாகவும் தெரிகின்றன. பெரும்பாலோர் இதற்கு ஹெச்டி துல்லியத்தையே குற்றம் சொல்கிறார்கள். ஆனால் எண்களைப் பார்த்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. திரையரங்குகளில் பரவலாக உள்ள 2கே டிஜிட்டல் படத்தின் அளவு 2048 × 1080 பிக்சல். வீட்டு ஹெச்டி படத்தின் அளவு 1920 × 1080. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பக்கவாட்டில் வெறும் 128 பிக்சல்தான். அங்கே உறுத்தாத துல்லியம் இங்கே மட்டும் ஏன் உறுத்த வேண்டும்? கோளாறு படத்தின் பரப்பில் இல்லை. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலான நேரத்தில் இருக்கிறது.

சினிமா நொடிக்கு 24 ஃபிரேம்களாக, அதாவது 24 தனித்தனி அசையாப் படங்களாக, எடுக்கப்படுகிறது. மனிதக் கண்ணை ஆராய்ந்து யாரும் இந்த எண்ணைக் கண்டுபிடிக்கவில்லை. ஊமைப்படக் காலத்தில் கேமராவைக் கையால் சுழற்றினார்கள். வேகம் ஆளுக்கு ஆள், காட்சிக்குக் காட்சி மாறியது, திரையிடுபவரும் தம் விருப்பப்படி அதைக் கூட்டிக் குறைத்தார். 1920களின் பிற்பகுதியில் பேசும் படம் வந்ததும் அந்தச் சுதந்திரம் முடிந்தது. படச்சுருளின் வேகம் சற்றே மாறினாலும் காது உடனே கண்டுபிடித்துவிடும் என்பதால் ஒரு நிலையான வேகம் தேவைப்பட்டது. மெதுவாக ஓட்டினால் ஒலியின் தரம் கெடும், வேகமாக ஓட்டினால் படச்சுருள் செலவு ஏறும்; இரண்டுக்கும் நடுவே எட்டிய சமரசம்தான் 24. 35 மி.மீ. படச்சுருளில் இது நிமிடத்துக்கு 90 அடி. அந்தக் கணக்கு டிஜிட்டல் கேமரா வந்து படச்சுருள் பெரும்பாலும் மறைந்த பின்னும் மாறவில்லை.

இந்த வேகத்தோடு ஒட்டிப் பிறந்த இன்னொன்று, கேமராவுக்குள் ஒளியைத் திறந்து மூடும் ஷட்டர். வழக்கமான 180 பாகை ஷட்டரில் ஒவ்வொரு ஃபிரேமும் ஒரு நொடியில் 48இல் ஒரு பங்கு நேரம் மட்டுமே ஒளியை வாங்குகிறது. மீதிப் பாதி நேரம் கேமரா எதையும் பார்ப்பதில்லை. ஆகவே ஓடும் மனிதனின் கை ஒவ்வொரு ஃபிரேமிலும் சற்று இழுபட்டுப் பதிகிறது, அடுத்த ஃபிரேமில் ஓர் இடைவெளி தாண்டி மீண்டும் இழுபட்டுப் பதிகிறது. அந்த மங்கலும் அந்தத் தாவலும் சேர்ந்ததுதான் நாம் சினிமாவின் அசைவு என்று உணர்வது. கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது, ஒரு பொருள் திரையின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் செல்ல ஏறத்தாழ 7 நொடியாவது எடுக்க வேண்டும் என்று ஒளிப்பதிவாளர்கள் ஒரு விதி வைத்திருப்பதும் இதனால்தான். அதைவிட வேகமாகத் திருப்பினால் பின்னணி தட்டித் தட்டி நகரும். சினிமாவின் காட்சிமொழியே 24இன் குறைகளைத் தவிர்த்தும், சில வேளைகளில் அவற்றையே அழகாக்கியும் வளர்ந்தது.

தொலைக்காட்சியின் அசைவு வேறு. இந்தியாவில் பின்பற்றப்பட்ட பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் வீடியோ கேமரா நொடிக்கு 50 முறை காட்சியைப் பிடித்தது. ஒவ்வொரு முறையும் படத்தின் பாதி வரிகள் மட்டுமே பதிந்தாலும், அசைவைப் பொறுத்தவரை நொடிக்கு 50 தனித்தனிக் கணங்கள் கிடைத்தன. அமெரிக்காவில் இது ஏறக்குறைய 60. செய்தி, கிரிக்கெட், தூர்தர்ஷன் காலம் தொட்டு வீடியோவில் எடுக்கப்பட்ட தொடர்கள் எல்லாம் இந்த வழுக்கும் அசைவோடுதான் வீட்டுக்குள் வந்தன. அதே பெட்டியில் ஞாயிறு மாலை வந்த திரைப்படம் மட்டும் தன் 24 ஃபிரேம் நடையை விடவில்லை. யாரும் சொல்லிக்கொடுக்காமலே நம் கண் இரண்டையும் பிரித்தறியப் பழகிவிட்டது. ஒலியை நிறுத்திவிட்டு ஒரு நொடி பார்த்தாலே இது படமா, சீரியலா என்று சொல்லிவிடக்கூடியவர்கள் நம்மில் ஏராளம். அமெரிக்கப் பார்வையாளர்களும் 'சோப் ஓபெரா' எனப்படும் தங்கள் பகல்நேர வீடியோத் தொடர்களை வைத்து இதே பாகுபாட்டைக் கற்றிருந்தார்கள். சினிமா சீரியலைப் போலத் தெரியும் குறைபாட்டுக்கு அங்கே 'சோப் ஓபெரா விளைவு' என்ற பெயர் நிலைத்தது அதனால்தான்.

சினிமாவுக்கு இந்த வீடியோ நடையைக் கொடுத்தது யார் என்றால், தட்டைத் திரையின் ஒரு குறையைச் சரிசெய்யப் புறப்பட்ட பொறியாளர்கள்தான். பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் திரையின் ஒவ்வொரு புள்ளியும் மின்னணுக் கற்றை பட்டதும் ஒரு கணம் பளிச்சிட்டு அணைந்துவிடும். எல்சிடி திரை அப்படியல்ல. அடுத்த ஃபிரேம் வரும்வரை முந்தைய படத்தை அசையாமல் பிடித்து வைத்திருக்கும். இதில் சிக்கல் திரையில் அல்ல, கண்ணில் நிகழ்கிறது. நகரும் பொருளைப் பார்க்கும்போது கண் அதைத் தொடர்ந்து சீராக நகர்கிறது. திரையில் உள்ள படமோ ஒவ்வொரு ஃபிரேமின்போதும் நின்றுகொண்டிருக்கிறது. நகரும் கண்ணின் விழித்திரையில் நிற்கும் படம் இழுபட்டு மங்குகிறது. கிரிக்கெட்டில் பந்தைத் தொடர்ந்து கேமரா திரும்புகையில் எல்லைக்கோட்டு விளம்பரப் பலகை 2 நொடியில் திரையைக் கடப்பதாகக் கொள்வோம். அதன் வேகம் நொடிக்கு 960 பிக்சல். நொடிக்கு 50 படம் காட்டும் எல்சிடி திரையில் ஒவ்வொரு எழுத்தும் சுமார் 19 பிக்சல் அகலத்துக்கு இழுபடும். பிக்சல்கள் மின்னல் வேகத்தில் நிறம் மாறினாலும் இந்த மங்கல் போகாது, ஏனென்றால் அது பிக்சலின் தாமதத்தால் வருவதல்ல. பலகையைப் படிக்க வேண்டுமானால் ஒன்று படங்களுக்கு நடுவே திரையை இருட்டாக்க வேண்டும், அல்லது நொடிக்கு இன்னும் அதிகமான படங்களைக் காட்ட வேண்டும்.

முதல் வழியில் வெளிச்சம் குறையும், படம் மினுக்கவும் செய்யும். ஆகவே தயாரிப்பாளர்கள் இரண்டாவது வழியையே முதன்மையாக நாடினார்கள். 2000களின் பின்பாதியில் 100, 120 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு அத்தனை படங்கள் காட்டும், எல்சிடி தொலைக்காட்சிகள் கடைக்கு வந்தன. ஆனால் ஒளிபரப்பில் வருவது அதே 50 அல்லது 60 தான். மீதிப் படங்களைத் தொலைக்காட்சியே உருவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

அதை உருவாக்கும் முறை உண்மையிலேயே வியப்புக்குரியது. உள்ளிருக்கும் செயலி ஒரு ஃபிரேமைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் அடுத்த ஃபிரேமில் எங்கே போயிருக்கிறது என்று தேடுகிறது. கட்டம் வலப்பக்கம் 20 பிக்சல் நகர்ந்திருந்தால், நடுவில் செருகும் புதிய ஃபிரேமில் அதை 10 பிக்சல் நகர்த்தி வைக்கிறது. சொல்வதற்கு எளிது, லட்சக்கணக்கான பிக்சல்களில் ஒவ்வொரு கட்டத்துக்கும் எல்லாத் திசைகளிலும் தேடுவதற்கு நேரம் போதாது. நெதர்லாந்தின் ஐந்தோவனில் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பணியாற்றிய கெரார்ட் டி ஹான் குழுவினர் 1993இல் வெளியிட்ட முறை இந்த முடிச்சை அவிழ்த்தது. ஒரு பொருள் பல கட்டங்களை அடைத்துக்கொண்டு ஒன்றாகவே நகரும், ஒரு ஃபிரேமில் நகர்ந்த திசையிலேயே அடுத்த ஃபிரேமிலும் பெரும்பாலும் நகரும் என்பதால், பக்கத்துக் கட்டங்களுக்கும் முந்தைய ஃபிரேமுக்கும் ஏற்கெனவே கிடைத்த விடைகளையே சில ஊகங்களாக எடுத்துச் சோதித்தால் போதும் என்பது அதன் சாரம். தட்டைத் திரைகள் வீட்டுக்கு வருவதற்கு முன்பே, 1990களின் படக்குழாய்த் தொலைக்காட்சிகளில் பிலிப்ஸ் இந்த நுட்பத்தைச் சேர்த்து விற்றது. சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் முன்பு ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன் என்று பெயர்கள் வேறாக இருந்தாலும், செய்யும் வேலை ஒன்றுதான்.

கிரிக்கெட்டுக்கு நல்லதாக அமைந்த இந்த நுட்பம் சினிமாவின் மேல் ஏறும்போது என்ன ஆகிறது என்று பார்க்கலாம். 24 ஃபிரேம்களை 120 ஆக்க, ஒவ்வொரு இரண்டு அசல் ஃபிரேம்களுக்கும் நடுவே 4 புதிய ஃபிரேம்கள் வேண்டும். இப்படி இடை ஃபிரேம்களைச் செருகி அசைவை மென்மையாக்கும் வசதியை முழு அளவில் வைத்துப் பார்ப்பவர் காணும் 5 ஃபிரேம்களில் 4, எந்தக் கேமராவும் எடுக்காதவை. ஒளிப்பதிவாளர் எண்ணி எண்ணி வைத்த தாவல் அழிந்து, படம் வழுக்கத் தொடங்குகிறது. அத்தனை ஆண்டு பழகிய கண் உடனே அதைச் சீரியல் வகையில் சேர்த்துவிடுகிறது. அது முழுமையான வீடியோவாகவும் ஆவதில்லை என்பது இன்னும் நுட்பமான விஷயம். அசல் ஃபிரேம்களில் 48இல் ஒரு நொடி நேரத்து மங்கல் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. அந்த மங்கல் அப்படியே இருக்க, அசைவு மட்டும் 120 படிகளில் நடக்கிறது. இப்படி ஒரு சேர்க்கையை நேரடியாகத் தரும் கேமரா இல்லை, ஏனெனில் நொடிக்கு 120 படம் எடுக்கும் கேமரா ஒரு படத்துக்கு 120இல் ஒரு நொடிக்கு மேல் ஒளி வாங்கவே முடியாது.

இதோடு செயலியின் ஊகம் தவறும் இடங்களும் சேர்கின்றன. ஒருவர் தலையைத் திருப்பும்போது அதன் பின்னாலிருந்து வெளிப்படும் சுவர்ப்பகுதிக்கு முந்தைய ஃபிரேமில் இணையே கிடையாது; செயலி எதையோ இட்டு நிரப்புகிறது, தலையைச் சுற்றி ஒரு வளையம் நெளிகிறது. ஜன்னல் கம்பிகளைத் தாண்டி கேமரா நகர்ந்தால் ஒரு கம்பிக்குப் பக்கத்துக் கம்பியே இணையாகத் தெரிந்து கணக்குத் தப்புகிறது. நீர்த்துளி, தீப்பொறி, சுழலும் சக்கரம் ஆகியவற்றுக்கு ஒற்றைத் திசையே இல்லை. இத்தகைய இடங்களில் பல செயலிகள் பிழையைத் தவிர்க்க வேலையை நிறுத்திவிட்டு அசல் ஃபிரேம்களையே காட்டுகின்றன, அசைவு தணிந்ததும் மீண்டும் தொடங்குகின்றன. ஒரே சண்டைக் காட்சிக்குள் படம் வழுக்குவதும் தட்டுவதுமாக மாறி மாறி வருவதற்கு இதுவே காரணம். என் கணிப்பில், முழுநேர வழுக்கலைவிட இந்த ஊசலாட்டமே அதிகம் துன்புறுத்துகிறது.

தொலைக்காட்சியின் தரப்பிலும் நியாயம் இல்லாமலில்லை. 24 ஃபிரேமை 60 ஹெர்ட்ஸ் திரையில் அப்படியே காட்ட முடியாது. ஒரு ஃபிரேமை இரண்டு முறை, அடுத்ததை மூன்று முறை என்று மாற்றி மாற்றிக் காட்ட வேண்டும். ஒன்று 33 மில்லி நொடியும் மற்றொன்று 50 மில்லி நொடியும் நிற்பதால் நிதானமான கேமரா நகர்வுகூட நொண்டுகிறது. 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் ஒளிபரப்பில் படத்தை நொடிக்கு 25 ஆகச் சற்று வேகமாக ஓட்டிவிடும் பழக்கம் இதைத் தவிர்க்கிறது. 150 நிமிடப் படம் 144 நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 120 ஹெர்ட்ஸ் திரையில் ஒவ்வொரு ஃபிரேமையும் சரியாக 5 முறை காட்டலாம் என்பதால், எதையும் புதிதாக உருவாக்காமலே இந்த நொண்டல் தீர்ந்துவிடும்.

ஆனால் வெளிச்சம் இன்னொரு தொல்லை. ஒளிர்வை அளக்கும் அலகில், திரையரங்கின் வெள்ளைக்கு வகுத்த அளவு சதுர மீட்டருக்கு 48 கேண்டெலா; கூடுதல் பிரகாசம் காட்டும் இன்றைய ஹெச்டிஆர் தொலைக்காட்சிகள் பல நூறைத் தொடுகின்றன, சில ஆயிரத்தையும் தாண்டுகின்றன. படம் எவ்வளவு பிரகாசமோ அவ்வளவுக்கு அதன் தாவல் கண்ணில் குத்தும். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைகளில் பிக்சல்கள் கணத்தில் மாறிவிடுவதால், பழைய எல்சிடியின் மந்தம் மூடி மறைத்த தாவல்கூட வெளியே வந்துவிடுகிறது. எனவே அத்தகைய திரையில் மென்மையாக்கத்தை மிகக் குறைந்த அளவில் வைத்துப் பார்ப்பவரை ரசனையற்றவர் என்று நான் சொல்லமாட்டேன்.

திரைத்துறையினர் அவ்வளவு தாராளமாக இல்லை. 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் படப்பிடிப்புத் தளத்திலிருந்தே ஒரு காணொளி வெளியிட்டு, வீட்டில் படம் பார்ப்பவர்கள் இந்த வசதியை அணைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். 2019 ஆகஸ்டில் தொலைக்காட்சித் தயாரிப்பாளர்களும் படநிறுவனங்களும் சேர்ந்த யுஹெச்டி அலையன்ஸ் மென்மையாக்கம் போன்றவற்றை அணைத்துப் படத்தைக் காட்டும் 'ஃபிலிம்மேக்கர் மோட்' என்ற தொலைக்காட்சி நிலையை அறிவித்தது. மார்ட்டின் ஸ்கார்செஸி, கிறிஸ்டோபர் நோலன் உள்ளிட்ட இயக்குநர்கள் அதை ஆதரித்தார்கள். மறுபக்கம், கூடுதல் ஃபிரேமில் உண்மையாகவே படமெடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. பீட்டர் ஜாக்சன் 2012இல் வெளியிட்ட 'தி ஹாபிட்' முதல் பாகம் நொடிக்கு 48 ஃபிரேமில் எடுக்கப்பட்டது, ஆங் லீயின் 'ஜெமினி மேன்' 2019இல் 120இல் வந்தது. அவற்றில் ஒரு ஃபிரேம்கூட இட்டுக்கட்டியதல்ல. இருந்தும் ஒப்பனையும் செட்டும் அம்பலமாகிவிட்டன என்ற அதே முணுமுணுப்புப் பலரிடமிருந்து வந்தது. ஆக, செயலியின் பிழைகளை நீக்கினாலும் ஒரு பங்கு உறுத்தல் மிஞ்சுகிறது, அது நம் பழக்கத்தைச் சேர்ந்தது. வீடியோ கேம்களிலும் கைப்பேசிக் காணொளிகளிலும் 60 ஃபிரேமோடு வளர்ந்த தலைமுறைக்கு அந்தப் பழக்கம் எவ்வளவு நாள் நீடிக்கும் என்பது தனிக் கேள்வி.

மென்மையாக்கம்தான் முதன்மைக் குற்றவாளி என்றாலும் உடந்தைகள் சில உண்டு. கடையின் பளீர் விளக்குகளுக்கு நடுவே கண்ணைக் கவரும்படி அமைத்த 'விவிட்' நிலையில் வெள்ளை நிறம் நீலமாக ஓடும். படங்கள் நிறம் திருத்தப்படுவது 6500 கெல்வின் எனப்படும், அவ்வளவு நீலம் ஏறாத வெள்ளையை வைத்து. கூர்மையை ஏற்றினால் உருவங்களைச் சுற்றி வெண்கோடு முளைக்கும். இரைச்சல் நீக்கம் படச்சுருளுக்கே உரிய நுண்புள்ளிகளான மணித்துகளைக் குப்பை என்று எண்ணித் துடைக்கும்போது தோலின் நுண்வரிகளும் சேர்ந்து போய், முகம் மெழுகு பூசியதாகிவிடும்.

ஃபிலிம்மேக்கர் மோட் இவை எல்லாவற்றையும் ஒரே அழுத்தில் விலக்குகிறது. அது இல்லாத பெட்டிகளில் சினிமா அல்லது மூவி நிலையைத் தேர்ந்த பிறகும், மென்மையாக்கத்தைத் தனியே போய் அணைக்க வேண்டியிருக்கலாம், ஏனெனில் சில தயாரிப்புகளில் அந்த நிலையிலும் அது ஓரளவு இயங்கிக்கொண்டே இருக்கும். கேம் மோட் நிலையில் அது பொதுவாகவே ஓய்வில் இருக்கும். இடை ஃபிரேமைக் கணக்கிட அடுத்த அசல் ஃபிரேம் வரும்வரை காத்திருக்க வேண்டும், அந்தத் தாமதத்தை விளையாடுபவர் பொறுக்கமாட்டார். பல தொலைக்காட்சிகள் செட்டாப் பாக்ஸ், ஹெச்டிஎம்ஐ, உள்ளிருக்கும் ஆப்கள் என்று ஒவ்வொரு வழிக்கும் தனித்தனி அமைப்பை நினைவில் வைப்பதால், ஓரிடத்தில் அணைத்தது மற்றோர் இடத்தில் அணைந்துவிடாது. கிரிக்கெட் வரும் வழியில் அதை இயங்க விட்டு, படம் வரும் வழியில் மட்டும் அணைத்து வைக்கவும் அது வசதியாகிறது.