மூல நட்சத்திரப் பெண் வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறவர்களுக்கு

வரன் பார்க்கிற வீடுகளிலிருந்து திரும்பி வரும் ஜாதகங்களில் அடிக்கடி ஒரே அடையாளம்தான். பொருத்தம் போட்ட தாளில் பத்துக்கு எட்டு. நட்சத்திரம் எழுதிய இடத்தில், ‘மூலம்’ என்ற சொல்லைச் சுற்றி ஒரு பென்சில் வட்டம். ராசிக் கட்டத்தையோ அம்சக் கட்டத்தையோ பார்த்த சுவடே கிடையாது. இந்த வாரம் அப்படித் திரும்பியது மூலம் 4ஆம் பாதத்தில், அதாவது அந்த நட்சத்திரத்தின் கடைசிக் கால் பங்கில் பிறந்த, 31 வயதுப் பெண்ணின் ஜாதகம். வேண்டாம் என்ற ஒன்பதாவது வீடு அது. இனியும் பேசாமல் இருந்தால் இந்த ஜோதிடத் தொழில் செய்வதில் அர்த்தமில்லை.

‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்.’ எல்லாரும் இதைத்தான் சொல்கிறார்கள், மூலத்துப் பெண் வந்தால் மாமனாருக்கு ஆகாது என்று பயப்படுகிறார்கள். எங்கள் தொழிலில் பெரியவர்கள் சொல்லித்தந்த பாடம் வேறு: ‘ஆனி மூலம் அரசாளும், பின் மூலம் நிர்மூலம்.’ ஆனி மாதம் சூரியன் மிதுனத்தில் இருப்பார். மூலத்தில் சந்திரன் வரும்போது அவர் தனுசில், சூரியனுக்கு நேர் ஏழில் நிற்பார். பௌர்ணமியை ஒட்டிய நிறைந்த சந்திரன், அதனால் அரசாளும். மூலத்தின் பிற்பகுதி, அதிலும் 4ஆம் பாதம், நவாம்சத்தில், அதாவது அம்சக் கட்டத்தில், கடகத்தில் விழும். கடகம் சந்திரனுக்குச் சொந்த வீடு. அப்படிப் பிறந்தவருக்கு எதிர்ப்புகள் நிர்மூலம் என்பதுதான் பொருள். ஆனி ஆண் ஆனது, பின் பெண் ஆனது. வாய்வழியாகத் திரிந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பெண்கள் விலை கொடுப்பது?

“சாஸ்திரத்தில் இருக்கிறதே” என்பார்கள். இருப்பதை முழுதாகப் படிக்க வேண்டும். முகூர்த்த சிந்தாமணி என்ற ஜோதிட நூல், மூலத்தில் பிறந்தவரால் மாமனாருக்குத் தோஷம் என்று சொல்லும் இடத்தில் பெண்ணை மட்டும் சொல்லவில்லை, ஆணையும் சேர்த்தே சொல்கிறது. அடுத்தபடியே மூலத்தின் கடைசிப் பாதத்துக்கு அந்தத் தோஷம் இல்லை என்றும் விலக்குகிறது. ஆணுக்கு உள்ளதை மறைத்து, விலக்கையும் விட்டுவிட்டு, பெண்ணின் தலையில் மட்டும் ஏற்றினால் அதற்குச் சாஸ்திரம் என்று பெயரில்லை. நவராத்திரியில் சரஸ்வதியை ஆவாஹனம் செய்வது மூல நட்சத்திரத்தன்று. மார்கழி மூலத்தில் அனுமனுக்கு வடைமாலை சாற்றுகிறோம். வீட்டுக்கு மருமகளாக வரும்போது மட்டும் அந்த நட்சத்திரம் எப்படி ஆகாததாகும்?

கணக்கையும் பாருங்கள். நட்சத்திரம் இருபத்தேழு. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பெண்கள் ஏறத்தாழ 3.6 கோடி. பங்கு போட்டால் சுமார் 13 லட்சம் மூல நட்சத்திரப் பெண்கள். அத்தனை மாமனாருக்கும் ஆகாது என்பதை எந்த மனசாட்சி ஒப்புக்கொள்ளும்? மாமனாரின் ஆயுளை மாமனாரின் ஜாதகத்தில் பாருங்கள். பெண்ணின் ஜாதகத்திலும் பார்த்தே ஆகவேண்டும் என்றால் கணவருக்குரிய ஏழாமிடத்துக்கு, தகப்பனாரைக் குறிக்கும் ஒன்பதாமிடமான மூன்றாமிடத்தையும் அதன் அதிபதியையும் பாருங்கள்.

இனி குணம். தனுசு குருவின் வீடு, நெருப்பு ராசி, உபய ராசி. இந்த ராசிப் பெண்ணுக்கு மனதில் ஒன்று, வாயில் ஒன்று கிடையாது. கேட்டால் நேராகச் சொல்வாள், கேட்காமலும் சொல்வாள். அதை வாய்த்துடுக்கு என்று எடுத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். கோபம் உடனே வரும், அன்றைக்கே தணியும். பொய் சொல்லி மாட்டிக்கொண்டவரை மறுபடி நம்ப மாட்டாள். அடைத்து வைத்தால் வாடுவாள்.

அதே தனுசுக்குள் மூன்று சாயல் உண்டு. மூலம் கேதுவினுடையது: எதையும் வேர்வரை தோண்டுவாள், ஏன், எதற்கு என்று கேட்பாள், பிடிக்காததைச் சட்டென்று உதறுவாள். கணக்குத் தணிக்கை, ஆராய்ச்சி, மருத்துவம் எல்லாம் இவளுக்கு நன்றாக வரும். பூராடம் சுக்கிரன்: கலை, அலங்காரம், எடுத்த காரியத்தில் பிடிவாதம். உத்திராடம் 1ஆம் பாதம் சூரியன்: பொறுப்பு, நிர்வாகம். ராசியிலும் அம்சத்திலும் தனுசிலேயே நிற்கும் வர்கோத்தமம் அது. இவை சந்திரனை வைத்து மட்டும் சொல்வது. லக்னமும் குருவின் நிலையும் பார்க்காமல் ஒரு பெண்ணை இப்படித்தான் என்று முடிவு கட்டாதீர்கள். நவம்பர் 22 முதல் டிசம்பர் 21 வரை பிறந்தவர் தனுசு என்பது மேல்நாட்டுச் சூரியக் கணக்கு. அந்தத் தேதியை வைத்து உங்கள் பெண்ணுக்குத் தனுசு ராசி பலன் படிக்காதீர்கள்.

பெண்ணைப் பெற்றவர்களுக்குச் சில வார்த்தைகள். பிறந்த நேரத்தை மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சம்மரியில் சரிபாருங்கள், பாட்டியின் ஞாபகம் போதாது. ஒரு பாதம் என்பது சுமார் ஆறு மணி நேரம். கேட்டை முடிந்து மூலம் தொடங்கும் நேரத்திலோ, மூலம் முடியும் நேரத்திலோ பிறந்திருந்தால் வாக்கியப் பஞ்சாங்கத்தில் ஒரு நட்சத்திரமும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் இன்னொன்றும் வரலாம். இரண்டும் போட்டுப் பாருங்கள். பொருத்தம் பார்க்கும்போது பையனுக்கும் பெண்ணுக்கும் ஒரே பஞ்சாங்கம்தான்.

நட்சத்திரத்தை மாற்றி எழுதச் சொல்லி யாரிடமும் போகாதீர்கள். மூலத்தைப் பூராடமாக்கினால் பிறந்ததும் நடக்க வேண்டிய கேது தசை, அதாவது கேது ஆளும் காலம், காணாமல் போய்ப் பிறந்ததிலிருந்தே சுக்கிர தசை ஓடும். 1ஆம் பாதப் பெண்ணுக்குத் தசைக் கணக்கு ஐந்தே கால் முதல் ஏழு வருடம் வரை பிசகும். அதன் பிறகு கல்யாணம், குழந்தை என்று எதற்குப் பார்த்தாலும் தப்பான பலன்தான். பிறந்த தேதியும் நேரமும் ஊரும் கிடைத்தால் இன்று யாரும் செல்போனில் இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். உண்மையில் மூலத்தில் பிறந்தவளுக்குச் சுக்கிர தசை ஏழு வயதுக்குள் தொடங்கி இருபதுக்கும் இருபத்தேழுக்கும் நடுவே முடிகிறது. படிப்பும் கல்யாணமும் வரும் வயது அது. அந்தச் சுக்கிரன் எங்கே நிற்கிறார் என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

திருமணத் தகவல் மையப் படிவத்தில் ‘தகப்பனார் இல்லாத வரன் மட்டும்’ என்று எழுதுவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்த வரியை உங்கள் பெண்ணும் படிக்கிறாள். பையன் வீட்டாருக்கும் ஒரு வேண்டுகோள்: வேண்டாம் என்றால் ஜாதகத்தை மடித்துத் திருப்பிக் கொடுங்கள். பென்சிலை எடுக்காதீர்கள்.