பழைய ஜூம் லென்ஸும் 0.1 மில்லிமீட்டர் பஞ்சாயத்தும்

ஒரு பழைய 70-210 மிமீ புஷ்-புல் ஜூம் லென்ஸ் கைக்கு வந்துச்சு (இந்த நம்பர்தான் ஃபோக்கல் லென்த், கூடக் கூட தூரத்துல இருக்கறது பெருசா தெரியும்), மினோல்ட்டா மௌண்ட், அதாவது கேமராவுல மாட்டற வாய் மினோல்ட்டாவோடது, உடம்பு பூரா இரும்பும் கண்ணாடியும், தூக்கினா உலக்கை மாதிரி கனம். மாட்டப் போறது சோனி மிரர்லெஸ் கேமரா பாடியில. ரெண்டையும் சேர்க்கற அடாப்டர் ஏற்கனவே இருக்கு, அதுல ஒரு 50 மிமீ ப்ரைம் லென்ஸை (ஜூம் ஆகாதது) போட்டு ரொம்ப நாளா படம் எடுத்துட்டுதான் இருக்கேன், ஒரு குறையும் இல்ல, அதனால இதையும் மாட்டினா வேலை முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

மெனுல லென்ஸ் இல்லாமலே ஷட்டர் அடிக்க விடுற ஆப்ஷனை ஆன் பண்ணணும், ஏன்னா இந்தப் பழைய லென்ஸ் கேமராவோட பேசாது, கேமராவப் பொறுத்தவரைக்கும் முன்னாடி லென்ஸே கிடையாது. ட்ரைபாட்ல வச்சு, தூரத்துல இருந்த செல்ஃபோன் டவரை 210ல இழுத்து, வியூஃபைண்டர்ல பெருசாக்கி, கம்பி ஒவ்வொண்ணும் தனித்தனியா தெரியற வரைக்கும் ஃபோகஸ் பண்ணேன். ஷார்ப்னா அப்படி ஒரு ஷார்ப். அப்படியே 70க்கு வந்தா டவர் மேல எண்ணெய் தடவின மாதிரி இருக்கு. ஃபோகஸ் ரிங்கைத் தொடவே இல்லைங்க.

மொதல்ல லென்ஸைத்தான் திட்டினேன், யாரோ கழட்டிட்டு தப்பா மாட்டியிருக்காங்கன்னு. ஆனா இந்த மாதிரி ஜூம் உள்ள எப்படி வேலை செய்யுதுன்னு யோசிச்சா கதை வேற.

முன்னாடி இருக்கற கண்ணாடி செட்டு ஃபோகஸுக்கு. நடுவுல இருக்கற செட்டு நகர்ந்தா படம் பெருசாகும், சின்னதாகும், ஆனா அது நகரும்போது ஃபோகஸ் விழற இடமும் சேர்ந்தே ஓடிடும், ஓடறத இழுத்துப் பழைய எடத்துலயே நிறுத்த இன்னொரு செட்டு வேற கணக்குல நகரணும். அந்தக் கணக்கு மொத்தமும் பீப்பாய்க்குள்ள ஒரு வளைஞ்ச காடியா வெட்டி வச்சிருக்கும், கம்ப்யூட்டரும் இல்ல மோட்டாரும் இல்ல. 35 மிமீ ஸ்டில் கேமராவுக்கு மொதல் ஜூம்னு சொல்ற ஃபோய்க்ட்லாண்டர் ஜூமார், 36-82, வந்தது 1959லயே. காடி வெட்டினவங்க கைக்கு ஒரு கும்பிடு.

இந்தக் கணக்கு எல்லாம் ஒரே ஒரு விஷயத்தை நம்பித்தான் நிக்குது, மௌண்ட்டுல இருந்து ஃபிலிம் (இப்ப சென்சார்) எவ்ளோ தூரத்துல இருக்குங்கறது. மினோல்ட்டாவுக்கு 43.5 மிமீ. சோனி ஈ மௌண்ட்டுக்கு 18 மிமீ, உள்ள மிரர் தூக்கி இறங்கற வேலை இல்லாததால இவ்ளோ கம்மி. மீதி 25.5 மிமீயை நிரப்பறதுதான் அடாப்டர், உள்ள ஒண்ணுமே கிடையாது, வெறும் வளையம். இது கொஞ்சம் தடிமனா போயிட்டா இன்ஃபினிட்டிக்கு, அதாவது ரொம்ப தூரத்துக்கு, ஃபோகஸே போகாது, வாங்கினவன் திருப்பி அனுப்பிடுவான், அதனால நிறைய அடாப்டரை வேணும்னே ஒரு முடி அளவு மெல்லிசா செஞ்சுடறாங்க. என்னோடத வெர்னியர் வச்சு அளந்தேன், 25.4.

ப்ரைம் லென்ஸ்ல இந்த 0.1 தெரியவே தெரியாது, ரிங்கைக் கொஞ்சம் கூடத் திருப்பினா சரியாயிடும், தூரம் எழுதின ஸ்கேல் மட்டும் பொய் சொல்லும், அதை யார் பாக்கறா. ஜூம்ல அப்படி இல்ல. 210ல இந்தப் பிழையைச் சரிக்கட்ட முன் செட்டு துளியூண்டு நகர்ந்தா போதும், 70ல அதே பிழைக்கு 9 மடங்கு நகரணும், ஏன்னா முன் செட்டு நகர்றதோட விளைவு ஃபோக்கல் லென்த்தோட வர்க்கத்துல பெருகும், 210 வந்து 70ஓட 3 மடங்கு, மூணோட வர்க்கம் 9. நான் 210ல சரிபண்ணிட்டு 70க்கு வந்தப்ப பிழையில ஒன்பதுல ஒரு பங்குதான் சரியாச்சு, மீதி 0.09 மிமீ அப்படியே இருந்துச்சு. லென்ஸோட துவாரத்தை எஃப் 4ல தொறந்து வச்சா ஒரு புள்ளி 0.022 மிமீ வட்டமா பரவும். ஃபிலிம் காலத்துல 0.03 வரைக்கும் ஷார்ப்னுதான் கணக்கு, ஆனா 24 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம்ல ஒரு பிக்சலே 0.006 தான், அதனால 100 பர்சென்ட் பெருசாக்கிப் பாக்கும்போது கிட்டத்தட்ட 4 பிக்சலுக்கு இழுவுது.

வைத்தியம் ரொம்ப சிம்பிள். அடாப்டரோட முன் வளையம் நாலு ஸ்க்ரூல நிக்குது, கழட்டிட்டு சமையல்கட்டு அலுமினியம் ஃபாயிலை வளையமா வெட்டி, 6 அடுக்கு வச்சு மாட்டினேன் (ஒரு அடுக்கு சுமார் 0.016). மொத தடவை ஒரு ஓரத்துல ஃபாயில் மடங்கி படத்தோட ஒரு பக்கம் மட்டும் சொதப்புச்சு, திரும்பக் கழட்டி நகத்தால நீவி விட்டு மாட்டினேன். இப்ப 210ல பிடிச்ச ஃபோகஸ் 70 வரைக்கும் நகரல, டவர் கம்பி சின்னதாகுதே தவிர மங்கல.

இன்னொரு விஷயம், பாடியில ஸ்டெபிலைசேஷன் (கை நடுக்கத்துக்கு ஈடா சென்சாரை நகர்த்தறது) இருந்தா ஃபோக்கல் லென்த்தை நீங்களேதான் சொல்லணும். 210னு போட்டுட்டு 70ல எடுத்தா சென்சார் தேவையை விட 3 மடங்கு ஆடும், ஆட்டத்தை நிறுத்த வந்தவனே ஆட்டி விட்டுட்டுப் போவான். நான் ஜூம் மாத்திட்டே எடுக்கறப்ப ஆஃப் பண்ணிடறேன்.

வெயிலுக்கு எதிர்ல படம் வெளிறிப் போறதும் உண்டு. கோட்டிங் (பிரதிபலிப்பைக் குறைக்கற மெல்லிசான பூச்சு) இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொண்ணும் 4 பர்சென்ட் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், ஒத்தை கோட்டிங்னா ஒண்ணரை மாதிரி. ஜூம்ல காத்தைத் தொடற பரப்பு 20ன்னு வைங்க, ஒத்தை கோட்டிங்லகூட 74 பர்சென்ட்தான் நேரா வந்து சேரும், திரும்பினதுல ஒரு பங்கு உள்ளயே முட்டி மோதி படம் மேல மூட்டமா விழுது. கையால நிழல் காட்டினாலே பாதி கொறையுது.

டவர் கம்பி ஓரத்துல ஊதா கலர் கோடு மட்டும் இன்னும் இருக்கு, எஃப் 8க்கு மூடினா கொஞ்சம் அடங்குது. அது லென்ஸோட சொந்த சொத்து, அடாப்டர் மேல பழி போட முடியாது.